துணியைக் கீழே வையுங்கள்: விமான உடற்சட்டகச் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் எங்களிடம் பயிற்சிக்கு வந்த இளைஞர் ஒருவர், நூறு மணி நேரம் பறந்ததும் செய்யும் சோதனைக்காக, விமானக் கொட்டகையான ஹேங்கருக்குள் அப்போதுதான் கொண்டுவந்து நிறுத்திய செஸ்னா 172 என்ற சிறு விமானத்தின் அடிவயிற்றைக் கரைப்பானில் நனைத்த துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கேட்டபோது, "சுத்தம் செய்துவிட்டுப் பார்த்தால் நன்றாகத் தெரியும் அல்லவா, சார்?" என்றார். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதையே சொல்லி இதையே செய்தவன் என்பதால் அவரைக் கடிந்துகொள்ள வாய் வரவில்லை. எரிச்சல் மட்டும் வந்தது. டார்ச்சை மறப்பது, கையேட்டின் பழைய பதிப்பைப் புரட்டுவது போன்ற பிழைகளை முதல் வாரத்திலேயே யாராவது திருத்திவிடுவார்கள். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

பார்ப்பதற்கு முன் துடைப்பது

பறந்து வந்த விமானத்தின் மேல் படிந்திருக்கும் அழுக்கில் பாதி வெறும் அழுக்கு அன்று. தகடுகளைப் பிணைக்கும் ஆணியான ரிவெட் ஒன்று தளர்ந்துபோனால், பறக்கும்போது அது தன் துளைக்குள் அதிர்ந்து உராய்கிறது. அந்த உராய்வில் உதிரும் அலுமினியத் துகள் ஆக்சைடாகிக் கருத்து, ரிவெட்டின் தலையிலிருந்து காற்று போகும் திசையில் பின்னோக்கி ஒரு கோடாக இழுபடுகிறது. புகைவதுபோல் தோன்றுவதால் அதைப் புகையும் ரிவெட் என்பார்கள். சிறு விமானங்களில் பயன்படும் 100எல்எல் பெட்ரோலுக்கு நீலச் சாயம் கலந்திருப்பதால், இறக்கைத் தொட்டியில் கசிவு இருந்தால் அடித்தகட்டில் நீலக் கறை காய்ந்திருக்கும். பிரேக்கில் ஓடும் ஹைட்ராலிக் எண்ணெய் சிவப்பு. ஒரே ஒரு துணி இவை அனைத்தையும் அரை நிமிடத்தில் அழித்துவிடும்.

நான் அழித்தது இறக்கையின் அடித்தகட்டில் இருந்த ஒரு வரிசைக் கருங்கோடுகளை. எஞ்சின் புகைக்கரி என்று நினைத்தேன். செஸ்னா 172இன் புகைக்குழாய் மூக்கின் அடியில் இருக்கிறது. அதன் கரி அடிவயிற்றில் எண்ணெய்ப் பசையோடு அகலமாகப் படியுமே தவிர, உயரத்தில் இருக்கும் இறக்கையின் அடியில், அதுவும் ரிவெட் ரிவெட்டாக வரிசை பிடித்து நிற்காது. அந்த ஒரு கேள்வியை அன்று எனக்கு நானே கேட்டுக்கொள்ளவில்லை. மூத்த பொறியாளர் வந்து பார்த்தபோது இறக்கை பளபளவென்று இருந்தது; அவரும் கையெழுத்திட்டார். அடுத்த நூறு மணி நேரம் முடிந்து விமானம் திரும்பியபோது கோடுகள் முன்னைவிட நீளமாக இருந்தன. சோதனை மூடியைத் திறந்து கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தால், துளைகள் நீள்வட்டமாகியிருந்தன. உள்ளே, இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டமான ரிப்பின் விளிம்பில் விரிசல் ஓடியிருந்தது. முதல் முறையே கண்டிருந்தால் ஒரு அளவு பெரிய ரிவெட்டுகளை அடித்து முடித்திருக்கக்கூடிய வேலைக்கு, ரிப்பையே மாற்றி, அந்த விமானத்தை ஐந்து வாரம் தரையில் நிறுத்த வேண்டியதாயிற்று.

பெரிய விமானங்களிலும் கறை பேசும். 1980 பிப்ரவரியில் ஹாங்காங்கில் தரையிறங்கும்போது வால் உரசிய சைனா ஏர்லைன்ஸ் 747 ஒன்றுக்கு, கீறல்களை முழுதாக நீக்காமல், டபுளர் எனப்படும் ஒட்டுத் தகடு போடப்பட்டது. அந்தத் தகடு சேதமான பகுதி முழுவதையும் மூடவும் இல்லை. கீறல்களிலிருந்து தொடங்கிய விரிசல் தகட்டின் அடியில், வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு மறைவாக வளர்ந்தது. 2002 மே 25 அன்று அந்த விமானம் தைவான் நீரிணைக்கு மேல் சிதறியதில் 225 பேர் இறந்தனர். விபத்துக்கு முன் எடுக்கப்பட்ட சோதனைப் படங்களில், அந்த ஒட்டுத் தகட்டைச் சுற்றிப் பழுப்புக் கறை தெரிந்தது: விமானத்துக்குள் புகைபிடிக்க அனுமதி இருந்த காலத்தில், கேபின் காற்று எங்கோ வழி கண்டு வெளியேறியபோது விட்டுச்சென்ற நிக்கோட்டின்.

சுத்தமே செய்யக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மெல்லிய விரிசல் அழுக்கின் கீழ் தெரியாது என்பதால் கையேடுகளே கழுவச் சொல்கின்றன. ஆனால் பார்வை இரண்டு. வந்த கோலத்தில் ஒரு முறை சுற்றிப் பார்த்து, படம் எடுத்து, ஐயப்பட்ட இடங்களைக் குறித்துக்கொண்டு, அதன் பிறகு கழுவி இன்னொரு முறை பார்க்க வேண்டும். சோதனைக்கு முந்தைய மாலையே விமானத்தைக் கழுவி மெருகேற்றி நிறுத்திவைக்கும் ஹேங்கர்களைக் கண்டால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. நாடி பார்க்க வந்த வைத்தியர் முன் நோயாளிக்குப் பவுடர் பூசி உட்காரவைப்பதற்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை.

டார்ச்சை நேராக அடிப்பது

தகட்டோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடியுங்கள். நெளிவும் பள்ளமும் நிழலால்தான் தெரியும்.

அலுமினியத்தில் பென்சிலால் குறிப்பது

வேண்டாம். பென்சிலின் கிராஃபைட் ஈரம் பட்டால் அலுமினியத்தை அரிக்கும்.

மூக்குச் சக்கரத்தோடு நின்றுவிடுவது

பயிற்சி விமானம் மூக்குச் சக்கரத்தால் தரையை மோதியது என்று விமானி எழுதியிருந்தால், புதியவர்கள் சக்கரத்தின் காலையும் புரொப்பெல்லர் நுனியையும் பார்த்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். அந்த மோதலின் விசை சக்கரக்கால் வழியாக எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தீத்தடுப்புத் தகடான ஃபயர்வாலுக்குப் போய்ச் சேர்கிறது. அதன் கீழ்ப்பகுதியில் தகடு கசங்கிச் சுருக்கம் விழுந்திருக்கிறதா என்பதை எஞ்சின் மூடியைக் கழற்றாமல் யாராலும் சொல்ல முடியாது. மின்னல் தாக்கிய விமானத்திலும் இதே அவசரத்தைக் காண்கிறேன். நுழைந்த இடத்துக் கருகலைக் கண்டவுடன் தேடலை முடித்துவிடுகிறார்கள். மின்னல் வெளியேறிய இடமும் ஒன்று இருந்தாக வேண்டும், அது பெரும்பாலும் இறக்கை நுனியிலோ வாலிலோ இருக்கும்.

சாய ஊடுருவல் சோதனைக்கு முன் தேய்ப்பது

விரிசலுக்குள் சாயத்தை இறங்கவிட்டு, அது கோடாக வெளித்தெரிகிறதா என்று பார்ப்பதே இந்தச் சோதனை. அதற்கு முன் உப்புத்தாளால் தேய்த்தால் மென்மையான அலுமினியம் விரிசலின் வாயில் இழுபட்டு அதை மூடிவிடும். சாயம் உள்ளே இறங்காது, கோடும் தெரியாது. பெயின்டை ரசாயனத்தால் நீக்குங்கள்.

வாலை அழுத்தித் திருப்புவது

சிறு விமானத்தைத் தரையில் திருப்புவதற்காகக் கிடைநிலை வால் இறக்கையைக் கையால் அழுத்தி மூக்கைத் தூக்குவது எங்கும் நடக்கிறது. அதன் முன் ஸ்பாரில், அதாவது நீளவாக்கில் ஓடும் தாங்குசட்டத்தில், விரிசல் விழ அது ஒரு காரணம். துணியோடு நின்ற அந்த இளைஞரிடம் விமானத்தை ஹேங்கருக்குள் எப்படித் திருப்பினீர்கள் என்று கேட்டேன். அன்று மாலை வால் இறக்கையின் முன் ஸ்பாரையும் நாங்கள் இருவருமாகத் திறந்து பார்த்தோம்.