பூட்டில்லா ஆடியோ பஃபர்: மெமரி பேரியரை எங்கே போடுவது?

வியாசர்பாடியில் ஒரு சின்ன அறையில் கானா பதிவு என்று வைத்துக்கொள்வோம். ஆடியோ திரெட் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை), குரலையும் தோலக்கையும் ரிங் பஃபரில், அதாவது கடைசி இடம் முடிந்ததும் முதல் இடத்துக்கே திரும்பும் தற்காலிக மெமரியில், போடுகிறது. இன்னொரு திரெட் அதை எடுத்து மெமரி கார்டில் எழுதுகிறது. 48,000 ஹெர்ட்ஸில் ஒரு தடவைக்கு 128 ஃபிரேம் (ஒரு கணத்தின் எல்லா சேனல் சாம்பிள்களும் சேர்ந்தது ஒரு ஃபிரேம்) என்றால் ஆடியோ திரெட்டுக்கு இருப்பது சுமார் 2.67 மில்லிசெகண்ட். அதில் மியூட்டெக்ஸ் என்ற பூட்டுக்காகக் காத்து நின்றால் சத்தம் அறுந்துவிடும்.

எழுத ஒரு திரெட், படிக்க ஒரு திரெட், அவ்வளவுதான். பஃபர் அளவு இரண்டின் அடுக்காக இருக்கட்டும். கார்டு அவ்வப்போது திணறும், ஆகவே 65,536 ஃபிரேம் வையுங்கள்: 1.37 செகண்ட் தாங்கும். ஸ்டீரியோ ஃப்ளோட்டுக்கு 512 கிலோபைட்.

எழுதும் இன்டெக்ஸ், படிக்கும் இன்டெக்ஸ் (யார் எந்த இடம்வரை வந்தார் என்று சொல்லும் எண்கள்) இரண்டும் அட்டாமிக், அதாவது பாதி மாறிய நிலையில் இன்னொரு திரெட்டுக்குத் தெரியாதவை. எழுதுபவர் முதலில் சாம்பிள்களைப் போட வேண்டும், பிறகே தன் இன்டெக்ஸை ‘ரிலீஸ்’ முறையில் (முன்னால் செய்தவை இதற்குப் பின் நழுவாது) நகர்த்த வேண்டும். படிப்பவர் அந்த இன்டெக்ஸை ‘அக்வயர்’ முறையில் (பின்னால் செய்பவை இதற்கு முன் ஓடாது) பார்த்துவிட்டுத்தான் சாம்பிளைத் தொடலாம். வரிசை மாறாமல் தடுக்கும் மெமரி பேரியராக இங்கே வேலை செய்வது இந்த ஜோடிதான். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். திரும்பும் வழிக்கும் இதே ஜோடி வேண்டும்: படிப்பவர் எடுத்து முடித்தபின் தன் இன்டெக்ஸை ரிலீஸ் செய்ய, எழுதுபவர் அதை அக்வயர் செய்து காலியிடம் கணக்கிட வேண்டும். இல்லையென்றால் படித்து முடிக்காத இடத்தின்மேல் புது சாம்பிள் ஏறிவிடும். அவரவர் சொந்த இன்டெக்ஸைப் படிக்க ‘ரிலாக்ஸ்ட்’ (வரிசைக் கட்டுப்பாடு இல்லாத முறை) போதும்.

சி பிளஸ் பிளஸ்ஸில் ‘வாலட்டைல்’ போட்டால் போதும் என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போதாது. சாம்பிள்களைச் சாதாரணமாக எழுதுவதை அது வரிசைப்படுத்தாது, பிராசஸரையும் தடுக்காது.

ரிலீஸ்-அக்வயரை விட்டுவிடும் பிழை இன்டெல் லேப்டாப்பில் பெரும்பாலும் வெளியே தெரியாது. மெமரியில் ஒன்றை எழுதியபின் இன்னொன்றை எழுதினால், அந்த பிராசஸர் அதை வரிசை மாற்றிக் காட்டாது (கம்பைலர் மாற்றலாம், அது வேறு கதை). அதே புரோகிராமை ராஸ்பெரி பை மாதிரி ஏஆர்எம் போர்டில் ஏற்றினால் இன்டெக்ஸ் முந்திக்கொண்டு, சாம்பிள் பிந்தி வரலாம். போன சுற்றின் தோலக்கு அடி நடுவில் ‘டப்’பென்று கேட்டால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

காதை நம்பிச் சோதிக்காதீர்கள். சாம்பிளுக்குப் பதில் 1, 2, 3 என்று ஏறும் எண்களை அனுப்பி, மறுபக்கம் வரிசை உடைகிறதா என்று ஏஆர்எம்மிலேயே, ஆப்டிமைசேஷனோடு, ஒரு ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். திரெட்கள் ஒரே இடத்தில் மோதுவதைக் கண்டுபிடிக்கும் திரெட் சானிடைசரையும் ஒருமுறை ஓட்டுங்கள்.

பஃபர் நிரம்பினால் ஆடியோ திரெட் காத்திருக்கக் கூடாது. வந்ததை விட்டுவிட்டு, எத்தனை ஃபிரேம் போனது என்று ஒரு ரிலாக்ஸ்ட் கவுன்ட்டரில் ஏற்றினால் போதும். திரையில் காட்டுவது வேறு திரெட்டின் வேலை.