முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசையில்: தனியாகப் பயணிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெருநகரத்துக்குத் தனியாகப் போனால் பகல் பொழுது எப்படியோ ஓடிவிடும். இருட்டியபின் வரும் சாப்பாட்டு நேரம்தான் பலருக்கு நெருடும். எதிரே காலி நாற்காலியை வைத்துக்கொண்டு சாப்பிட மனமில்லாமல், பார்சல் வாங்கிக்கொண்டு அறைக்குத் திரும்பிவிடுகிறவர்கள் நிறைய. இவர்களுக்கு நல்ல வழி பொது மேசை. முன்பின் அறியாத எட்டுப் பத்துப் பேர் ஒரே நீள மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் ஏற்பாடு. ஆனால் அங்கே போயும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து வருகிறவர்கள் உண்டு. பேசும் ஆவலில் பக்கத்திலிருப்பவரைத் திணறடிக்கிறவர்களும் உண்டு. இரு தரப்பும் முதலில் கோட்டைவிடுவது ஒரே இடத்தில்தான்.

எந்த மாதிரி மேசை என்று பார்க்காமல் உட்காருவது

பொது மேசைகள் எல்லாம் ஒரே நோக்கத்தோடு போடப்பட்டவை அல்ல. கூட்டம் நிரம்பி வழியும் உணவகத்தில் இடமில்லாததால் உங்களை இன்னொருவர் மேசையில் உட்காரவைப்பார்கள். அது இடநெருக்கடிக்கான தீர்வு மட்டுமே. எதிரே இருப்பவர் வேலை இடைவேளையில் அவசரமாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியவராக இருக்கலாம். ஒரு புன்னகை, ஒரு தலையசைப்பு, அதோடு சரி. கஃபேக்களில் இருக்கும் பெரிய மேசை இன்னொரு ரகம். லேப்டாப் திறந்திருந்தால் அவரை அப்படியே விட்டுவிடுவதுதான் மரியாதை.

மூன்றாவது ரகம்தான் பேசுவதற்கென்றே போடப்படுவது. ஒருவர் தன் வீட்டில் சமைத்து, பணம் கட்டி வருகிறவர்களுக்குப் பரிமாறும் சப்பர் கிளப் விருந்துகள், அறிமுகமில்லாதவர்களைச் சேர்த்துவைக்கும் செயலிகள் ஏற்பாடு செய்யும் இரவு உணவுகள் எல்லாம் இதில் அடங்கும். முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், எல்லோரும் ஒரே நேரத்தில் சாப்பிடத் தொடங்குவார்கள், பாத்திரம் கைமாறிக் கைமாறி வரும். இந்த அடையாளங்கள் இருந்தால் அங்கே பேச்சும் விருந்தின் ஒரு பகுதி. முதல் ரகத்தில் மூன்றாவதற்கான ஆர்வத்தைக் காட்டினால் தொல்லை. மூன்றாவதில் முதல் ரகத்துக்கான மௌனத்தைக் காட்டினால் பக்கத்திலிருப்பவரின் மாலையும் வீண்.

இது புதிய ஏற்பாடும் அல்ல. 18ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் வெளியூர்க்காரர்கள் சாப்பிடப் போன 'தாப்ள் தோத்' என்பது இதுதான்: ஒரே மேசை, குறித்த நேரம், அன்று சமைத்ததுதான் சாப்பாடு. தனி மேசையில் உட்கார்ந்து, விரும்பிய நேரத்தில், பட்டியலைப் பார்த்து வேண்டியதைக் கேட்டு வாங்கும் உணவகம் அங்கே 1760களுக்குப் பிறகே உருவானது. அந்தப் பழைய மேசையில் நேரத்துக்கு வராதவருக்கு மிச்சம் மீதிதான். இன்றைய விருந்து மேசையிலும் தாமதம் அதே அளவுக்குக் கெடுதல். அரைமணி நேரம் கழித்து வருகிறவர் அறிமுகங்களைத் தவறவிட்டுவிடுவார். அதற்குள் பேச்சு கோஷ்டி கோஷ்டியாகப் பிரிந்திருக்கும்.

ஓரத்து நாற்காலியில் ஒதுங்குவது

கூச்சம் உள்ளவர்கள் தேடிப்போவது மூலை இடத்தை. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது அவர்களுக்கே பாதகம் என்று தெரியும். நடுவில் உட்கார்ந்தால் இருபுறமும் இருவர், எதிரே மூவர் என ஐந்து பேர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார்கள். ஓரத்திலோ பக்கத்தில் ஒருவர், எதிரே இருவர், அவ்வளவுதான். அவர்கள் வேறு பக்கம் திரும்பிவிட்டால் நீங்கள் தனி. ஓரத்தில் உட்கார்ந்ததோடு நிற்காமல் பக்கத்து நாற்காலியில் பையையும் வைத்துவிடுகிறவர்களுக்கு அந்த ஒருவரும் கிடைக்கமாட்டார். இத்தகைய மேசைகளில் ஒருவருக்குச் சுமார் 60 சென்டிமீட்டர் அகலம்தான் ஒதுக்குவார்கள். பையைக் காலடியில், கால் படும்படி வைத்துக்கொள்ளுங்கள். திருட்டிலிருந்தும் அதுவே பாதுகாப்பு.

அடுத்த தவறு மேசை முழுவதையும் பேச்சில் இழுக்க முயல்வது. பரிணாம உளவியலாளர் ராபின் டன்பாரும் அவருடைய சகாக்களும் 1995இல் வெளியிட்ட ஆய்வு, இயல்பாகக் கூடிப் பேசும் குழு நான்கு பேருக்கு மேல் போனால் நீடிப்பதில்லை என்று காட்டியது. ஐந்தாவது ஆள் சேர்ந்ததும் பேச்சு இரண்டாகப் பிரியத் தொடங்குகிறது. அதோடு, சுற்றிலும் இரைச்சல் கூடக்கூட நம்மை அறியாமலே குரலை உயர்த்துகிறோம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைக் கவனித்துச் சொன்ன பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் பெயராலேயே இந்த விளைவு அறியப்படுகிறது. ஒருவர் மேசையின் மறுகோடிக்குக் கத்தினால் சிறிது நேரத்தில் எல்லோரும் கத்துவார்கள், யாருக்கும் எதுவும் கேட்காது. பக்கத்திலிருக்கும் இரண்டு மூன்று பேரோடு நன்றாகப் பேசினாலே அந்த மாலை நிறைவாக இருக்கும்.

'யாருக்கும் என்னோடு பேச விருப்பமிருக்காது' என்று தீர்மானித்துவிடுவது

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு இதுதான், ஏனென்றால் இது வெறும் பயம். 2014இல் உளவியல் ஆய்வாளர்கள் நிக்கலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் சிகாகோவில் ரயிலிலும் பேருந்திலும் பயணிப்பவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். அறிமுகமில்லாதவரோடு பேசினால் பயணம் கசக்கும் என்று மக்கள் எதிர்பார்த்தார்கள். உண்மையில் பேசியவர்களுக்கே பயணம் இனித்தது. 2018இல் வந்த இன்னொரு ஆய்வு, பேசி முடித்தபின் எதிராளிக்கு நம்மை எவ்வளவு பிடித்தது என்பதை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம் என்றது. ஆக, ஃபோனை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வதற்கு முன் ஒருமுறையாவது முயன்று பாருங்கள்.

எப்படித் தொடங்குவது? மேசைமேல் இருப்பதிலிருந்தே. தண்ணீர் ஜாடி உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. உங்கள் கிளாஸை நிரப்புமுன் பக்கத்தில் காலியாக இருக்கும் கிளாஸைப் பார்த்து "உங்களுக்கும் ஊத்தட்டுமா?" என்று கேளுங்கள். அவர் "ஊத்துங்க, தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டால், அதோடு விடுங்கள். "ஊத்துங்க. நீங்க இங்க அடிக்கடி வருவீங்களா?" என்றால் கதவு திறந்துவிட்டது. பதிலுக்குப் பதில் ஒரு கேள்வி வருகிறதா என்பதே இங்கே உரைகல். நீங்கள் மூன்று கேட்டு அவர் ஒன்றுமே திருப்பிக் கேட்கவில்லை என்றால் அவருக்கு விருப்பமில்லை.

கேள்விகளை அடுக்குவதும் தவறு. என்ன வேலை, என்ன சம்பளம், கல்யாணம் ஆகிவிட்டதா என்று வரிசையாகக் கேட்டால் பேட்டி எடுப்பதுபோல ஆகிவிடும். இன்று நகரத்தில் பார்த்த ஒன்றைச் சொல்லுங்கள், அவருக்குத் தெரிந்த ஒன்றைக் கேளுங்கள். உள்ளூர்க்காரர் என்றால் நாளைக்கு எங்கே போகலாம் என்று கேட்பதுபோல அவரை மகிழ்விப்பது வேறில்லை.

மனம் விட்டுப் பேசுகிறோம் என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவது

ஊரைச் சொல்லலாம், தங்கியிருக்கும் விடுதியின் பெயரைச் சொல்ல வேண்டாம். அறை எண், தனியாக வந்திருப்பது, நாளை எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள் என்பதெல்லாம் மேசைக்குத் தேவையில்லாத தகவல். குறிப்பாகப் பெண்களுக்குச் சொல்கிறேன், வற்புறுத்திக் கேட்டால் "நகரத்துக்கு நடுவுலதான் தங்கியிருக்கேன்" என்ற பொதுப் பதில் போதும். இது அவநம்பிக்கை இல்லை, நீங்கள் பதில் சொல்வதை நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். குடிக்கும் பானத்தைக் கண்பார்வையில் வைத்துக்கொள்ளுங்கள். எழுந்துபோய்த் திரும்பும்போது கிளாஸில் மிச்சமிருந்ததைக் குடிக்காதீர்கள்.

வீட்டு விருந்துகளுக்கு முகவரி பெரும்பாலும் பதிவு செய்த பிறகே கிடைக்கும். கிடைத்ததும் அதை நம்பகமான ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். திரும்பிவர என்ன வண்டி, கடைசி ரயில் எப்போது என்று போவதற்கு முன்பே பார்த்துவையுங்கள். பேச்சு சுவாரசியமாக ஓடும்போது அந்தக் கடைசி ரயில் போய்விடுவது சர்வசாதாரணம்.

ஒவ்வாமை உள்ளவர்கள் அதைத் தட்டு வந்தபின் சொல்வது ஆபத்து. நிலக்கடலை, முட்டை, பால் எதுவானாலும் பதிவு செய்யும்போதே எழுதுங்கள், போனதும் சமைப்பவரிடம் ஒருமுறை வாயால் சொல்லுங்கள். ஒரே பாத்திரத்திலிருந்து பலர் எடுக்கும் இடத்தில் கரண்டி மாறுவதே பிரச்சினையைக் கொண்டுவந்துவிடும். அதனால் உங்களுக்கு முதலில் தனியாக எடுத்துவைக்கச் சொல்லிக் கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

பில் தனித்தனியா, சேர்த்தா என்பதை ஆர்டர் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். மேசையைப் படம் எடுக்க ஆசைப்பட்டால் அதில் விழும் முகங்களிடம் அனுமதி கேளுங்கள்.

கடைசியாக, கிளம்புவது. பலர் பில்லைக் கட்டிவிட்டுச் சத்தமில்லாமல் நழுவிவிடுகிறார்கள். ஒரு மணி நேரம் உங்களோடு பேசியவருக்கு அது உறைக்கும். "கிளம்பறேன், உங்களோட பேசினது சந்தோஷம்" என்று சொல்ல அரை நிமிஷம் போதும். தொடர்பில் இருக்க விருப்பமென்றால் அவருடைய எண்ணைக் கேட்காமல் உங்களுடையதைக் கொடுங்கள். அழைப்பதா வேண்டாமா என்பதை அவர் நிதானமாக முடிவு செய்துகொள்ளலாம்.