பெயர்ப் பதிவேட்டிலிருந்து குடில் வரை: தோட்ட ஆபீசின் டிசம்பர் சலிப்புக்கு ஒரு வேலைத்திட்டம்

மலேசியாவின் செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்ட ஆபீசில் டிசம்பர் பாதி கடந்ததும் வேலை மெலிந்துவிடும். பொதுவாகச் செப்டம்பர், அக்டோபரில் காய் உச்சத்தில் இருக்கும், டிசம்பரில் இறங்குமுகம். மழையும் சேர்ந்துகொள்ளும். லோரி காட்டுக்குள் இறங்காது, எடைப்பால டிக்கெட்டும் குறையும். நவம்பர் சம்பளம் 7ஆம் தேதிக்குள் கொடுத்தாகிவிட்டது. ஊழியர் சேமநிதி, சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புச் சந்தா, மாத வரிப்பிடித்தம் எல்லாம் 15ஆம் தேதிக்குள் கட்டியாயிற்று. மேனேஜரும் சில நாள் விடுமுறையில் இருப்பார். சுங்கை சிப்புட்டிலும் பகாவிலும் குளுவாங்கிலும் ஆபீஸ் கிராணிகள் (எழுத்தர்கள்) கைப்பேசியைத் தடவிக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பது இந்த நாட்களில்தான்.

அந்தச் சலிப்பு வேலை இல்லாததால் மட்டும் வருவதில்லை. செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் தினமும் அதே பெயர்களை எழுதி எழுதி, பெயர் வெறும் வரிசை எண்ணாகிவிடுகிறது. ஆளை மறந்த பிறகு எழுத்து வேலையில் ருசி எங்கிருந்து வரும்? மருந்தும் அந்தப் பெயர்ப் பதிவேட்டுக்குள்ளேயே இருக்கிறது. கிறிஸ்மஸ் கதையை லூக்கா தொடங்கும் இடத்தைக் கவனியுங்கள். அகஸ்து இராயன் எல்லாரையும் பெயர் பதியச் சொல்கிறான். அந்தக் குடிமதிப்புக்காகத்தான் யோசேப்பு நிறைமாத மனைவியோடு பெத்லகேமுக்கு நடக்கிறார். அரசுக்கு வேண்டியது தலைக்கணக்கு. அந்தக் கணக்கின் நடுவே, தங்க இடம் இல்லாமல் ஒரு குழந்தை பிறக்கிறது. சேதியை முதலில் கேட்டவர்கள் இரவுக் காவலில் இருந்த மேய்ப்பர்கள். பதிவேடு, தங்குமிடம், இரவு ஷிப்ட் என்று கதை முழுக்கத் தோட்ட ஆபீசின் மேசை மேல் கிடக்கும் விஷயங்கள்தான். ஆகவே 16ஆம் தேதி முதல் 24 வரை அந்த மேசையிலேயே கிறிஸ்மஸைத் தொடங்கலாம். கிறிஸ்துவரல்லாத கிராணிக்கும் இந்த வேலைகள் பொருந்தும்.

ஒரு நாளைக்குப் பதினைந்து பெயர்

120 பேர் உள்ள தோட்டம் என்றால் ஒரு நாளைக்கு 15 பெயர் வீதம் எட்டு வேலை நாளில் முடியும். பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு) முடிந்து, பசியாறிவிட்டு வந்த முதல் இரண்டு மணி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். மதியத்துக்குத் தள்ளினால் தூக்கம் வரும், பிழை நுழையும்.

முதலில் பெயரின் எழுத்து. அடையாளக் கார்டில் உள்ளபடியே சம்பளக் கணினியிலும் சேமநிதியிலும் சொக்சோவிலும் இருக்கிறதா என்று பாருங்கள். நம் பெயர்களில் வழக்கமாக விழும் பிழைகள் மூன்று: ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) விடுபடுவது, இரட்டை எழுத்து ஒற்றையாவது, அப்பா பெயர் முன்னால் ஏறிவிடுவது. பிறகு அடையாளக் கார்டு எண். 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த ஆண்டு, மாதம், நாள். கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. இந்த இரண்டையும் ஒப்பிட்டாலே தட்டச்சுப் பிழைகளில் பல வெளியே வந்துவிடும்.

அடுத்தது சேமநிதி வாரிசு நியமனம். இதில்தான் நிதானம் வேண்டும், ஏனென்றால் இதில் உள்ள ஓட்டை ஒருவர் இறந்த பிறகுதான் தெரியவரும். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைக் கொடுத்தவர், அம்மா இறந்து பல வருடம் ஆகியும் மாற்றாமல் இருப்பார். நியமனம் இல்லாத முஸ்லிம் அல்லாதவர் இறந்தால், முழுப் பணத்தையும் எடுக்க மனைவி மக்கள் சொத்து நிர்வாகப் பத்திரத்துக்கு அலைய வேண்டி வரும். புதுப்பிக்கச் சேமநிதி முகப்புக்குப் போனால் போதும், கட்டணம் இல்லை. ஆளை நேரே பார்த்து, “அண்ணே, வாரிசா யாரைப் போட்டிருக்கீங்க, ஞாபகம் இருக்கா?” என்று கேளுங்கள். ஞாபகம் இல்லை என்றால் அதுவே போகச் சொல்வதற்குக் காரணம்.

அவசரத் தொடர்பு எண்ணையும் சும்மா படித்துவிட்டு நகராதீர்கள். ஒரு முறை அழைத்துப் பாருங்கள். ப்ரீபெய்ட் எண்கள் அடிக்கடி மாறும். காட்டில் ஒருவர் விழுந்த நாளில் செத்த எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

விடுப்பு மிச்சத்தையும் அந்த வரியிலேயே எழுதுங்கள். வேலைச் சட்டத்தின் குறைந்தபட்ச ஆண்டு விடுப்பு, இரண்டு வருடத்துக்கு உட்பட்டவருக்கு 8 நாள், இரண்டு முதல் ஐந்து வருடம் வரை 12 நாள், ஐந்து வருடமும் அதற்கு மேலும் 16 நாள். இரண்டாம், ஐந்தாம் வருடத்தைத் தாண்டியவருக்கு நாள் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் திருப்பத்தில்தான் விடுபடும்.

வெளிநாட்டுத் தொழிலாளர்களைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். வீட்டை விட்டு வெகுதூரம் வந்து பெயர் பதிந்தவர்கள் அவர்கள்தான். 2019 ஜனவரி முதல் அவர்களுக்கும் சொக்சோ வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு. 2025 அக்டோபர் சம்பளம் முதல் சேமநிதியும் கட்டாயம், முதலாளி 2 விழுக்காடு, தொழிலாளி 2 விழுக்காடு. சம்பளச் சீட்டில் புதிதாக ஒரு பிடித்தம் ஏன் வந்தது என்று அவர்கள் மொழி தெரிந்த ஒருவரை வைத்து விளக்குங்கள். விளக்காவிட்டால் ஆபீஸ் பணத்தைத் திருடுகிறது என்ற பேச்சு தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பரவும். கடப்பிதழின் நகல் மட்டும் கோப்பில் இருக்கட்டும். அசல் அவரவர் கையில்தான் இருக்க வேண்டும்.

இந்த வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால். ஆட்களை ஆபீசுக்கு வரிசையில் வரச் சொல்வார்கள். காய் வெட்டுகிறவருக்கு ஒரு மணி நேரம் போனால் அன்றைய வருமானம் குறையும், அடுத்த நாள் யாரும் வரமாட்டார்கள். நீங்களே காலையில் பெரட்டுக்குப் போய்விடுங்கள், அல்லது சாயந்திரம் ஐந்தரைக்கு, குளித்து முடித்துத் தேநீர் குடிக்கும் நேரத்தில், லயத்துக்குப் போங்கள். மண்டோரிடம் (மேற்பார்வையாளர்) முதல் நாளே சொல்லி வையுங்கள். ஒருவருக்கு நான்கு நிமிடம் போதும். அடையாளக் கார்டு நகல்களை நகல் இயந்திரத்தின் மேல் விட்டுவிட்டு வராதீர்கள்.

அறிவிப்புப் பலகை

தீபகற்ப மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி வருடத்துக்குக் குறைந்தது 11 பொது விடுமுறைகள் சம்பளத்தோடு உண்டு. அவற்றில் ஐந்தை மாற்ற முடியாது: தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் பிறந்தநாள் அல்லது கூட்டரசுப் பிரதேச தினம், தொழிலாளர் தினம், மலேசிய தினம். மீதி ஆறை அரசிதழில் வந்த விடுமுறைகளிலிருந்து முதலாளி தேர்ந்தெடுக்கலாம். அந்த ஆறு எவை என்று புது வருடம் பிறக்கும் முன் வேலையிடத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டியாக வேண்டும். கிறிஸ்மஸும் தீபாவளியும் அந்த ஐந்தில் இல்லை. யாரும் யோசிக்காமல் போன வருடத் தாளிலேயே தேதியை மாற்றி ஒட்டினால், ஆள் மாறிய தோட்டத்தில் பட்டியல் பொருந்தாது. 20ஆம் தேதிக்குள் ஒரு வரைவை மேனேஜர் மேசையில் வையுங்கள். கூட்டு ஒப்பந்தம் உள்ள தோட்டமானால் அதில் உள்ள விடுமுறை எண்ணிக்கையையும் பாருங்கள். தமிழ், மலாய் இரண்டிலும் ஒட்டுங்கள்.

25ஆம் தேதி வேலை செய்தவரின் கணக்கு

ஜாகா (காவலாளி), பம்ப் பார்க்கிறவர், ஆலையின் கொதிகலன் ஆள் என்று யாராவது அன்று வேலையில் இருப்பார்கள். உங்கள் தோட்டத்தில் அது சம்பள விடுமுறையானால், மாதச் சம்பளக்காரருக்கு வழக்கமான சம்பளத்துக்கு மேல் இரண்டு நாள் சம்பளம் சேர வேண்டும். சம்பளம் 2,080 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள்வோம். 26ஆல் வகுத்தால் நாளுக்கு 80 வெள்ளி, கூடுதலாகச் சேர வேண்டியது 160 வெள்ளி. அரை நாள் வேலை செய்தாலும் இது குறையாது. வழக்கமான நேரத்தைத் தாண்டிய ஒவ்வொரு மணிக்கும் மூன்று மடங்கு. எட்டு மணி நேர வேலையானால் மணிக்கு 10 வெள்ளி, ஆகவே 30. இதை மிகைநேரத்தின் ஒன்றரை மடங்கு வரியில் போட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு. 24ஆம் தேதி இரவு ஏறி 25 காலையில் இறங்குகிறவரின் ஷிப்டை எந்த நாளில் எழுதுவது என்று மேனேஜரிடம் முன்பே எழுத்தில் கேட்டு வையுங்கள். மேய்ப்பர்களுக்கு நாம் காட்டும் மரியாதை இந்தக் கணக்கைச் சரியாக எழுதுவதில் தொடங்குகிறது. அந்த இரவு வேலையில் இருப்பவர்களுக்குச் சூடான சாப்பாடும் போய்ச் சேர்ந்தால் இன்னும் நல்லது.

நட்சத்திரம்

மதிய நேரம் கைவேலைக்கு நல்லது. கடையில் பிளாஸ்டிக் நட்சத்திரம் கிடைக்கும், ஆனால் மூங்கில் நட்சத்திரம் நான்கு பேரை ஒரு மேசைக்குக் கூட்டி வரும்.

முற்றின மூங்கிலாகப் பாருங்கள். இளசு காய்ந்ததும் சுருங்கிக் கட்டுகள் தளரும். வெட்டியதை ஐந்து முதல் ஏழு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு நிழலில் காய வையுங்கள். மாவுச்சத்து கரைந்துபோவதால் வண்டு துளைப்பது குறையும். ஆகவே மூங்கிலை டிசம்பர் தொடக்கத்திலேயே வெட்டிவிட வேண்டும். 60 சென்டிமீட்டர் நீளம், ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்தில் பத்துச் சிம்புகள் (பிளந்த பட்டைகள்), 12 சென்டிமீட்டரில் ஐந்து குச்சிகள் வேண்டும்.

ஒவ்வொரு சிம்பிலும் இரு முனைகளிலிருந்தும் 23 சென்டிமீட்டரில் பென்சிலால் கோடு போடுங்கள். நடுவில் சுமார் 14 மிஞ்சும். சிம்புகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்கள் இந்தக் கோடுகள்தான். ஐந்து சிம்புகளைக் கை எடுக்காமல் நட்சத்திரம் வரைவதுபோல ஒன்றின் மேல் ஒன்று, ஒன்றின் கீழ் ஒன்றாகக் கோத்து, முனைகளை முதலில் தளர்வாகக் கட்டுங்கள். பிறகு கோடுகளைச் சேர்த்து உள்சந்திப்புகளை இறுக்கி, கடைசியில் முனைகளை இறுக்குங்கள். முனைகளை முதலிலேயே இறுக்கினால் ஐந்தாவது சிம்பு எட்டாது, ஒரு கால் கோணிக்கொள்ளும். இப்படி இரண்டு நட்சத்திரம் செய்து, ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டுங்கள். உள்சந்திப்புகளுக்கு நடுவே ஐந்து குச்சிகளையும் நிறுத்திக் கட்டினால் வயிறு உப்பி நிற்கும்.

பட்டம் செய்யும் காகிதத்தை வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள். கஞ்சிப் பசை வேண்டாம், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், கரப்பான் அரிக்கும். வெளியே தொங்கவிடுவதானால் மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று. கீழ்முனையில் ஒரு ஓட்டை விடுங்கள், தண்ணீர் வடிய. உள்ளே 3 வாட் எல்.இ.டி. பல்பு போதும், சிரிம் தரமுத்திரை பார்த்து வாங்குங்கள். சூடாகும் பழைய குண்டு பல்பு காகிதத்தைக் கருக்கும்.

குடில்

1223ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சோவில் புனித அசிசி பிரான்சிஸ் இயேசு பிறப்பை நினைவுகூர வைத்த குடிலில் வைக்கோல், மாடு, கழுதை இருந்தன. பக்கத்தில் கிடைத்ததை வைத்துத்தான் அவர் செய்தார். நமக்குப் பக்கத்தில் கிடைப்பது லாலான் புல்லும் தென்னங்கீற்றும். செம்பனை மட்டையில் முள் உண்டு, பிள்ளைகள் தொடும் இடத்தில் வேண்டாம். ஆபீஸ் மூலைக்கு 60 சென்டிமீட்டர் அகலம், 45 ஆழம், 50 உயரம் போதும். லாலானை மூன்று நாள் வெயிலில் காயப்போடுங்கள், ஈரமாக அடைத்தால் புழுங்கி நாறும். மின்விளக்குச் சரம் புல்லைத் தொடாமல் வெளிச்சட்டத்தில் ஓடட்டும், ஆபீஸ் பூட்டும்போது பிளக்கைக் கழற்றிவிடுங்கள். குழந்தை இயேசுவை 24 இரவு வரை வைக்காதீர்கள். மூன்று ஞானிகளைத் தூரத்து அலமாரியில் நிறுத்தி, தினமும் கொஞ்சம் நகர்த்திக்கொண்டு வந்து, ஞானிகள் குழந்தையைக் கண்டதைக் கொண்டாடும் திருக்காட்சி விழாவுக்குக் குடிலில் சேருங்கள். ஆபீஸ் முஸ்லிம் சகோதரர்களும் வேலை செய்யும் இடம் என்பதால், குடில் வைக்கும் முன் மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேக் விஷயத்திலும் அந்தக் கவனம் வேண்டும். ஹலால் முத்திரை உள்ள கடையில் வாங்குங்கள். வீட்டில் சுடுவதானால் அரை கிலோ உலர்பழத்தை 250 மில்லிலீட்டர் ஆரஞ்சுச் சாற்றில் ஓர் இரவு ஊறவைத்தால் ரம் தேவையில்லை. ஆனாலும் ஹலால் உணவே சாப்பிடுகிறவர்களுக்குக் கடைக் கேக்கைத் தனித்தட்டில் வைப்பதே முறை. 30 பேருக்கு ஒரு கிலோ கேக் இரண்டு போதும். அச்சுமுறுக்கு டின்னைத் திறந்ததும் பரிமாறிவிடுங்கள், மழைக்காற்றில் சீக்கிரம் நமுத்துவிடும்.

ஜனவரி இரண்டாம் வாரத்தில் ஆண்டவரின் திருமுழுக்கு விழா முடிந்ததும் குடிலைப் பிரித்துவிடலாம். லாலானைச் செடிக்கு மூடாக்காகப் போடுங்கள், வேர் ஒட்டியிருந்தால் மட்டும் நீக்கிவிடுங்கள், இல்லையென்றால் பாத்தியில் முளைத்துவிடும். நட்சத்திரத்தின் காகிதத்தைக் கிழித்துவிட்டுச் சட்டத்தை ஸ்டோர் உத்தரத்தில் தொங்கவிடுங்கள். தரையில் சாய்த்து வைத்தால் அடுத்த டிசம்பருக்குள் கரையான் தின்றிருக்கும்.