ஒரு சோறு பதம் தாதுவுக்குச் செல்லாது: சுரங்கத் துறைக்கு வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் கோயில் பூசை முடிந்து சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் யாராவது ஓர் அங்கிள் பக்கத்தில் வந்து அமர்ந்து, "தம்பி, நம்ம பையன் அடுத்த வருஷம் மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு), சுரங்கத்துல நல்ல சம்பளமாமே, எந்தக் கோர்ஸ்ல சேர்க்கலாம்?" என்று கேட்பார். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பத்தாம் வகுப்பில் அவன் எந்தக் கணக்கை எடுத்தான்? "மேத்தமட்டிக்ஸ்" என்றால் பேச்சைத் தொடரலாம். "மேத்தமட்டிகல் லிட்டரசி", அதாவது அன்றாடத் தேவைக்கான எளிய கணக்கு, என்றால் பொறியியல், உலோகவியல், நிலவியல் பட்டங்களுக்கான வழி ஏறக்குறைய அப்போதே அடைபட்டுவிட்டது, மெட்ரிக் வந்த பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை. மதிப்பெண் நன்றாக வரும் என்று பள்ளியிலேயே சிலர் லிட்டரசிக்குத் தள்ளிவிடுகிறார்கள், வீட்டிலும் சரி என்கிறோம். நான் பார்த்த தவறுகளில் விலை அதிகமானது இதுதான், அதைப் பதினைந்து வயதிலேயே செய்துவிடுகிறோம்.

அடுத்த தவறு, பட்டம் வாங்கினால் வேலை முடிந்தது என்று நினைப்பது. சுரங்கத்தில் பட்டம் ஒரு தாள், அதற்கு மேல் வேலைக்கு வேலை தனித்தனித் தாள்கள். விட்ஸ் பல்கலைக்கழகத்திலோ பிரிட்டோரியா பல்கலைக்கழகத்திலோ சுரங்கப் பொறியியல் முடித்து வருகிறவர் நிலத்தடியில் பொறுப்பு ஏற்க வேண்டுமானால் வெடிவைப்புச் சான்றிதழ் வேண்டும், பிறகு மேலாளர் ஆக அரசு நடத்தும் தகுதிச் சான்றிதழ்த் தேர்வு இருக்கிறது, அதற்கு நிலத்தடியில் செலவழித்த காலத்தையும் பார்ப்பார்கள். பொறியாளருக்கு எக்சா (பொறியாளர் மன்றம்) பதிவு, நிலவியலாளருக்கு சாக்னாஸ்ப் (இயற்கை அறிவியலாளர் மன்றம்) பதிவு. ஒரு சுரங்கத்தில் எவ்வளவு தாது இருக்கிறது என்று சாம்ரெக் என்ற கனிம வள அறிக்கை விதிப்படி கையெழுத்துப் போட வேண்டுமென்றால் பதிவோடு அந்த வகைத் தாதுவில் குறைந்தது 5 வருட அனுபவமும் வேண்டும். இதெல்லாம் தெரியாமல் ஒரு மாஸ்டர்ஸ், அதன் மேல் இன்னொரு டிப்ளமா என்று சேர்த்துக்கொண்டே போகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது, ஏனென்றால் அவர்கள் சோம்பேறிகள் இல்லை, யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

தொழில்கல்விப் பக்கம் வருகிறவர்களுக்கு இன்னும் அவசரமான விஷயம் ஒன்று. 2009க்கு முன் வடிவமைத்த பழைய தகுதிகளில் புதிதாகச் சேர்வதற்குக் கடைசி நாள் 30 ஜூன் 2024, ஏற்கெனவே சேர்ந்தவர்கள் முடிக்க 30 ஜூன் 2027 வரை நேரம். அந்தக் கடைசி நாளுக்குப் பிறகும் பழைய பெயரில் விளம்பரம் போட்டுப் பணம் வாங்குகிற இடம் எதுவானாலும் ஒதுங்கிவிடுங்கள். கல்லூரிக்காரர் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழைப் பார்த்து நம்பாமல், தொழில்தகுதிகளைக் கண்காணிக்கும் க்யூ.சி.டி.ஓ. அமைப்பின் அங்கீகாரம் அந்தத் தகுதிக்கே, அந்தக் கிளைக்கே இருக்கிறதா என்று நேராக அவர்களிடமே கேளுங்கள். "இண்டக்‌ஷனுக்கு இவ்வளவு, மெடிக்கலுக்கு இவ்வளவு கட்டினால் வேலை நிச்சயம்" என்று வாட்ஸாப்பில் வருவது மோசடி, ஒரு ராண்ட்கூடக் கொடுக்காதீர்கள். உடல்தகுதிச் சான்று உண்மையிலேயே கட்டாயம், ஆனால் அதைச் சட்டப்படி ஏற்பாடு செய்ய வேண்டியவர் முதலாளி. ஆஸ்துமா மாதிரி ஏதாவது இருந்தால் நாலு வருஷம் படித்துவிட்டுத் தெரிந்துகொள்வதைவிட, முதல் வருடத்திலேயே மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது, ஆழமான தங்கச் சுரங்கங்களில் பாறையின் வெப்பமே 60 டிகிரியைத் தாண்டும்.

பெண் பிள்ளைக்கு எதற்குச் சுரங்கம் என்கிற பேச்சும் இன்னும் கேட்கிறது. 1991ஆம் வருடச் சட்டம் பெண்கள் நிலத்தடியில் வேலை செய்வதைத் தடுத்தது உண்மை, 1996இல் வந்த சுரங்க ஆரோக்கிய, பாதுகாப்புச் சட்டத்தோடு அந்தத் தடை போய்விட்டது. இப்போது தடையாக இருப்பது நம் கூடத்துப் பேச்சுதான். எம்.க்யூ.ஏ. (சுரங்கத் துறைத் தகுதிகளுக்கான ஆணையம்) கல்வி உதவித்தொகையும் சுரங்கப் பொறியியலுக்கு மட்டும் என்று நினைத்து விண்ணப்பிக்காமல் விடுகிறார்கள், நிலவியல், உலோகவியல், சுரங்க அளவை எல்லாம் அதில் அடங்கும்.

இதில் நான் கொஞ்சம் உணர்ச்சிவசப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. நம் முன்னோர் கரும்புத் தோட்டத்தோடு நின்றவர்கள் இல்லை, நேட்டாலின் நிலக்கரிச் சுரங்கங்களிலும் ஒப்பந்தக் கூலிகளாக இறங்கினார்கள். 1913 அக்டோபரில் டிரான்ஸ்வாலிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் நியூகாசிலில் அவர்களைப் பார்த்துப் பேசி, ஒப்பந்தம் முடிந்தும் தங்கிய இந்தியர்கள்மீது போட்ட 3 பவுன் வரிக்கு எதிரான பெரிய வேலைநிறுத்தம் அந்தச் சுரங்கங்களில்தான் தொடங்கியது. கைகள் வேண்டும், தகுதி மட்டும் கூடாது என்பதுபோல 1926இல் வந்த சுரங்கச் சட்டத் திருத்தம் தகுதிச் சான்றிதழ் பெறும் உரிமையிலிருந்து ஆப்பிரிக்கர்களையும் ஆசியர்களையும் ஒதுக்கியது. வெல்கமில் தங்கம் தோண்டிய ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் 1986 வரை இந்தியர்கள் குடியிருக்கவே முடியாது. தாத்தாவுக்கு எட்டாத அந்தத் தாளை இன்று பேரன் அசட்டையாகத் தவறவிடுவதை என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

சரி, ஆராய்ச்சிக்கு வருவோம்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சோற்றுக்கு அது சரி, ஒரே அரிசி, ஒரே கொதி. தாது அப்படி இல்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் நான் என் முதல் ஆராய்ச்சியில் மூன்று வாரம் வீணாக்கினேன். ஒரு சுரங்க ஆலையில் கன்வேயர் பெல்ட்டின் மேலிருந்து தினமும் ஒரு கை அள்ளிப் பையில் போட்டு, ஆய்வகத்துக்கு அனுப்பி, வந்த எண்களை வைத்து வரைபடமெல்லாம் போட்டுவிட்டேன். ஒரு மூத்த மெட்டலர்ஜிஸ்ட் பார்த்துவிட்டு, "பெல்ட் ஆடும்போது பொடி கீழே இறங்கும், பெரிய கல் மேலே நிற்கும், நீ மேலே உள்ளதை மட்டும்தானே எடுத்திருக்கிறாய்?" என்றார். எல்லாம் குப்பைக்குப் போனது. சரியான வழி, பெல்ட்டை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட்டு, ஒரு நீளத்தை முழுக்க, அடியில் ஒட்டியிருக்கும் பொடியோடு வழித்து எடுப்பது. குழாயிலோ வாய்க்காலிலோ ஓடும் கூழாக இருந்தால், ஓட்டத்தின் ஒரு பகுதியை எப்போதும் எடுப்பது தவறு, முழு ஓட்டத்தையும் கொஞ்ச நேரம் எடுக்க வேண்டும்.

எவ்வளவு எடுப்பது என்பதிலும் ஊகம் கூடாது. பியேர் கை என்ற பிரெஞ்சுக்காரர் வகுத்த மாதிரியெடுப்புக் கோட்பாட்டின்படி, பெரிய துகளின் அளவு இரண்டு மடங்கானால் அதே துல்லியத்துக்கு மாதிரியின் எடை எட்டு மடங்காக வேண்டும். 10 மில்லிமீட்டர் கல்லுக்குப் போதுமாக இருந்த பையை 20 மில்லிமீட்டர் கல்லுக்கும் கொண்டுபோனால் வரும் எண்ணுக்கு அர்த்தமில்லை.

நம் கடற்கரையில், ரிச்சர்ட்ஸ் பே, ம்டுன்சினி பக்கம் கனிம மணலில் வேலை செய்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இல்மனைட், சிர்கான் என்ற கனிமங்கள் சாதாரண மணலைவிட ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு கனம், மாதிரிப் பாட்டிலைக் காரில் வைத்து டர்பன் வரை ஓட்டினாலே கனமானது பிரிந்து அடியில் இறங்கியிருக்கும். அதை மேலிருந்து கரண்டியால் மொண்டு சோதிப்பது ரசத்தின் மேல்தெளிவைக் குடித்துவிட்டு மண்டியே இல்லை என்பது மாதிரி. மாதிரியைச் சமப் பங்குகளாக்கும் சுழல் பிரிப்பானில் போட்டுப் பிரியுங்கள், மறுபாதியைப் பெயர், தேதி, இடம் எழுதிப் பத்திரப்படுத்துங்கள்.

ஆய்வகத்தில் ஃப்ளோட்டேஷன் (தாதுவை நுரையில் மிதக்கவைத்துப் பிரிப்பது) செய்கிறவர்கள் குழாய்த் தண்ணீரில் அருமையான முடிவு காட்டுவார்கள், ஆலையிலோ திரும்பத் திரும்பச் சுற்றிவரும், உப்பும் ரசாயனமும் ஏறிய தண்ணீர், அதில் அந்த முடிவு வராது. ஆலைத் தண்ணீரைக் கேட்டு வாங்குங்கள். சல்ஃபைடு தாதுவை மாதக்கணக்கில் மூலையில் வைத்தால் மேற்பரப்பு ஆக்ஸிஜனேற்றம் அடைந்துவிடும், குளிர்ப்பெட்டியில் வையுங்கள்.

தலைப்பை முடிவு செய்துவிட்டுச் சுரங்கத்தைத் தேடுவதும் பெரிய தவறு. தரவு தர அனுமதி, வெளியிட அனுமதி இரண்டையும் எழுத்தில் வாங்காமல் முன்மொழிவு எழுதினால் இரண்டாம் வருடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். டேனி க்ரிகே என்ற சுரங்கப் பொறியாளர் 1951இல் விட்ஸில் மாஸ்டர்ஸ் முடித்தது இங்கேயே தங்கச் சுரங்கங்களில் குவிந்து கிடந்த மாதிரி எண்களை வைத்துத்தான்: தங்கம் நிறைய என்று மாதிரி காட்டிய பகுதிகள் வெட்டியெடுக்கும்போது அவ்வளவு தரவில்லையே, ஏன் என்பதுதான் கேள்வி. அதிலிருந்து வளர்ந்த, எடுத்த மாதிரிகளை வைத்து எடுக்காத இடத்தைக் கணிக்கும் முறைக்கு உலகமே இன்று கிரிகிங் என்று அவர் பெயரைச் சொல்கிறது. அப்புறம், புதிதாக எதையும் தொடங்குமுன் தென்னாப்பிரிக்கச் சுரங்க, உலோகவியல் கழகமான சாய்மின் சஞ்சிகையின் பழைய இதழ்களைப் படியுங்கள், இணையத்தில் இலவசம். 1934 முதல் இயங்கும் அரசுக் கனிம ஆராய்ச்சி நிறுவனமான மின்டெக்கின் நேர்மின்னோட்ட (டி.சி.) வில் உலை வேலைகளைப் பற்றியும் நிறைய எழுதியிருக்கிறார்கள், எம்பங்கேனியில் இல்மனைட் உருக்க வந்த உலை அந்த ஆராய்ச்சியிலிருந்துதான் வந்தது.

இன்னொன்று, ஜூலு மொழி. மாதிரி எடுக்கப் போகும் இடத்தில் அந்தப் பெல்ட்டை இருபது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆபரேட்டருக்கு, எந்த ஷிஃப்டில் எது மாறுகிறது என்பது அத்துப்படி. எனக்குக் கிடைத்த நல்ல விவரங்களில் பாதி அப்படி ஒருவர் தேநீர் நேரத்தில் சொன்னவை, அவர் சுரங்கங்களின் கலப்பு மொழியான ஃபனகலோவில் பேச விரும்பவில்லை, நான் தட்டுத்தடுமாறி ஜூலுவில் கேட்ட பிறகுதான் வாய் திறந்தார்.