நிறுவல் கோப்பில் தமிழ் உரிமப் பக்கம் சேர்ப்பது எப்படி?

இலங்கையில் ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். விளங்காத மொழியில் அச்சடித்த தாள்களில் என் பாட்டி கைநாட்டு வைத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அன்றன்று பறித்த கொழுந்து எத்தனை கிலோ, விழுந்தது முழுப்பேரா (முழுநாள் சம்பளம்) அரைப்பேரா (அரைநாள் சம்பளம்) என்று குறித்துவைக்க விண்டோஸுக்கு ஒரு சிறிய மென்பொருள் எழுதியபோது, அதன் உரிம ஒப்பந்தம் தமிழில்தான் இருக்க வேண்டும் என்று முதலிலேயே முடிவெடுத்தேன்.

இதற்கு நான் பயன்படுத்துவது இன்னோ செட்டப். விண்டோஸ் மென்பொருள்களுக்கு நிறுவல் கோப்பு உருவாக்கித் தரும், 1997 முதல் இருந்துவரும் கருவி.

முதல் வேலை, உரையை எழுதுவது. அவசரப்படாதீர்கள், பாதி நேரம் இதற்கே போகட்டும். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது. ஆகவே பக்கத்து லயத்துப் பிள்ளை பிரதி எடுக்கலாமா என்பதை நீங்கள்தான் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பதிந்த கணக்கு அந்தக் கணினியிலேயே இருக்குமா, வெளியே போகுமா என்பதையும் எழுதுங்கள். சம்பளக் கணக்கைப் பதிகிறவர் முதலில் கேட்பது அதைத்தான். பத்துப் பன்னிரண்டு வரிகள் போதும். எழுதியதை வீட்டில் ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் எங்கே நிறுத்திக் கேள்வி கேட்கிறாரோ அந்த வரியை மாற்றுங்கள்.

அடுத்து, நோட்பேடில் சேமிக்கும்போது கீழே உள்ள 'என்கோடிங்' பெட்டியில் 'யூடிஎஃப்-8 வித் பாம்' என்பதைத் தெரிவுசெய்யுங்கள். 'ஆன்சி' என்று சேமித்தால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும்.

இப்போது இன்னோ செட்டப்பில் 'ஃபைல்', 'நியூ' என்று போனால் வழிகாட்டி திறக்கும். மென்பொருளின் பெயர், பதிப்பு, முதன்மைக் கோப்பு ஆகியவற்றைக் கொடுத்தபடி 'அப்ளிகேஷன் டாக்குமென்டேஷன்' பக்கம் வரை வாருங்கள். அங்கே 'லைசன்ஸ் ஃபைல்' பெட்டியில் உங்கள் உரைக்கோப்பைக் காட்டுங்கள். மற்றப் பக்கங்களை அப்படியே கடந்து, இறுதியில் 'கம்பைல்' கொடுத்தால் நிறுவல் கோப்பு தயார்.

அதை நீங்களே ஒருமுறை இயக்கிப் பாருங்கள். உரிமப் பக்கத்தில் 'ஏற்கவில்லை' என்பதே முன்கூட்டித் தெரிவாகியிருக்கும். அதை மாற்றும்வரை 'நெக்ஸ்ட்' பொத்தான் இயங்காது. ஏற்பை முன்பே குறித்துவைக்கும் எந்த மாற்றத்தையும் செய்யாதீர்கள். அந்த ஒரு சொடுக்கு பயனாளருக்கு உரியது.

உங்கள் மென்பொருள் ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் வெளிவருகிறதா? அப்படியானால் ஏற்பைக் கட்டாயமாக்கத் தேவையில்லை. நிரலின் பிரதியைப் பெறவும் இயக்கவும் உரிமத்தை ஏற்க வேண்டியதில்லை என்று 2007இல் வந்த மூன்றாம் பதிப்பின் 9ஆம் பிரிவே சொல்கிறது. உரிமப் பெட்டியை வெறுமையாக விட்டு, நிறுவலுக்கு முன் காட்டும் தகவல் கோப்புக்கான அடுத்த பெட்டியில் உரையைச் சேருங்கள். வாசித்துவிட்டு அப்படியே தொடரலாம்.

பாடசாலைக் கணினிக் கூடம் போன்ற இடங்களில் பல கணினிகளில் ஒரே மூச்சாக 'சைலன்ட்' முறையில், அதாவது திரையில் எதையும் கேட்காமல், நிறுவுவார்கள். அப்போது உரிமப் பக்கம் திரையில் தோன்றவே தோன்றாது. அந்த இடங்களுக்கு அதே உரையை அச்சடித்து, கணினியின் முன் அமரப்போகிறவர்கள் கையில் முதல்நாளே கொடுத்துவிடுங்கள்.