ட்ரோலாக ஆட ஆசைப்பட்ட தம்பிக்கு நான் செய்துகொடுத்த வழி

கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறுதோறும் ஐந்து பேர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம், ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம், 3.5 பதிப்பு, கதை நடத்துவது நான். பக்கத்துத் தெருத் தம்பி ஒருவன் "அண்ணா, நான் ட்ரோலாத்தான் வருவேன்" என்று ஒரே பிடிவாதம். ட்ரோல் என்றால் கதையில் வரும் ஒரு ராட்சத ஜந்து. சரி என்று ஐந்தாம் நிலைக் குழுவில் அப்படியே சேர்த்துவிட்டேன். தப்பு. ட்ரோலுக்கு ஒவ்வொரு சுற்றிலும் 5 புள்ளி உயிர் தானாகத் திரும்பும். எல்லாச் சண்டையையும் அவனே முடித்துவிட, மற்றவர்கள் பகடையை ஓரமாக வைத்துவிட்டுக் கிளிமூக்கு மாங்காய்த் துண்டை மிளகாய்த்தூளில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள்.

அப்புறம் விதிப்படியே போனேன். ட்ரோலுக்கு 6 உயிர்ப்பகடை, அதாவது அதன் உயிரையும் தாங்கும் திறனையும் கணக்கிடும் பகடைகள், அதோடு பிறவிச் சக்திகளுக்காகச் சேர்க்கும் நிலைக் கூட்டல் 5, ஆக 11ஆம் நிலை வீரனுக்குச் சமம். ஆனால் 11ஆம் நிலைச் சண்டையில் எதிரி மந்திரவாதி மனதை மயக்கும் மந்திரம் ஒன்றைப் போட்டால், வெறும் 6 பகடைக்காரன் தாங்க மாட்டான். இரண்டாவது சுற்றிலேயே அவன் விழுந்தான், அந்தப் பிள்ளையின் முகம் வாடியது எனக்கே பொறுக்கவில்லை.

கடைசியில் ட்ரோலின் சக்தியைத் துண்டு துண்டாகப் பிரித்தேன். முதலில் குட்டி ட்ரோல்: நகம் மட்டும், சண்டை முடிந்த பிறகுதான் காயம் ஆறும். நிலை ஏற ஏற உயரம், பலம், எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் அந்த 5 புள்ளி. தீயோ அமிலமோ பட்ட காயம் மட்டும் முதல் நாளிலிருந்தே தானாக ஆறாது, அதை நான் விட்டுக்கொடுக்கவே இல்லை. போன வாரக் கதையில் ஊர்க்காரர்கள் தீப்பந்தத்தோடு சத்திரத்து வாசலில் வந்து நின்றபோது, குட்டியைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்து மறைத்துக்கொண்டது குழுவின் குள்ள வீரன்தான்.