பெட்டிக்கு பீன்ஸ் ஏன் போதவில்லை: என் அனுபவம்

சந்தாதாரர்களுக்கு வாராவாரம் 40 காய்கறிப் பெட்டிகள் அனுப்புகிறோம். பெட்டிக்கு 300 கிராம் பீன்ஸ் என்றால் 12 கிலோ வேண்டும். மூன்று வாரமாக, பறிக்கும் முன் செடியில் காயை எண்ணிப் போட்ட என் கணக்கில் 12 வந்தது. பறித்தால் 9-ஐத் தாண்டவில்லை.

முதலில் போன வருடக் குறிப்பேட்டில் இருந்த சராசரியைப் பிடித்தேன். இந்த முறை விதைப்பே பத்து நாள் பிந்தியதால் அது ஒத்துவரவில்லை. தராசைச் சந்தேகப்பட்டு வேறொன்றில் நிறுத்தேன், அதே எடைதான். கழிவுக்கு ஒரு பங்கு தள்ளியும் இடித்தது.

அப்புறம்தான் எண்ணும் இடத்தைக் கவனித்தேன். நடைபாதையில் நின்றபடி கைக்கு எட்டிய செடிகளின் காய்களையே எண்ணியிருக்கிறேன். ஓரச் செடிக்கு வெயிலும் இடமும் அதிகம், காயும் அதிகம். ஓரத்தில் ஒரு செடியில் 31 காய். நாலு வரிசை உள்ளே போய் இலையை விலக்கிப் பார்த்தால் 19!

சரி என்று, பாத்திக்கு நடுவே பத்து எட்டு நடந்து ஒரு குச்சி வீதம் ஐந்து குச்சிகள் நட்டேன். ஒவ்வொன்றிலும் ஒரு மீட்டர் நீளத்துக்குப் பறித்து நிறுத்து, சராசரியை மொத்த வரிசை நீளத்தால் பெருக்கினேன். ஓர வரிசைகளுக்குத் தனிக் கணக்கு. பென்சில் பருமன் காய்தான் இந்த வாரத்துக்கு. தீக்குச்சி போல இருந்ததை அடுத்த வாரத்துக்கு விட்டேன்.

கணக்கு 9.4 கிலோ, கிடைத்தது 9.1. இரண்டு நாள் முன்பே தெரிந்ததால் பெட்டிக்கு 225 கிராம் என்று சொல்லி, மீதிக்கு வெள்ளரி வைத்தோம். பெரிய நிம்மதி.